மந்திரித்த பைகள்

மரியே வாழ்க

விருத்தாசலம்
செப்டம்பர், ஞாயிறு பூசை முடிந்து

அன்பு மகள் பிரபாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், என் காலில் இருக்கிற கொப்புளங்களைத் தவிர வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, எதற்கு இந்தக் காகிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஏதாவது கேட்க வாயைத் திறந்தால் இரும்மா வார்டுல கூப்புடுறாங்க என்று ஓடிவிடுகிறாய், நீ ஓடாத நாளில் உன் அப்பா குறுக்கே தலையை நீட்டி அங்கே மணி என்ன, என்ன சாப்பிட்டாய் என்று நேற்றுக் கேட்டதையே இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பார்சலில் முறுக்கு வைக்காதே, ஊறுகாய் வைக்காதே, கருவாட்டு வாசனைகூட வரக்கூடாது, இந்த ஊர் கஸ்டம்ஸில் பிடித்துவிடுவார்கள் என்று நீ கண்டிஷன் போட்டுவிட்டாய். வெறும் பைகளை மட்டும் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதனால் பைகளோடு இந்தக் கடிதமும் வருகிறது. இதைத் தின்ன முடியாது என்பதால் விட்டுவிடுவார்கள்.

முதலில் என் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் ஓடாது. ஈஸ்டருக்கு வந்தவள், ஊருக்குப் புறப்படுகிற அன்றைக்கு பல கலர்த் துணிகளைச் சேர்த்துச் சுருட்டிய ஒரு சுருளை என் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு, இதில் எனக்குப் பை தைத்து அனுப்பு, கிறிஸ்துமஸ் முடிந்ததும் மலையில் நடக்கப் போகிறேன், முதுகுப் பைக்குள் சாமான்களைப் பிரித்துப் பிரித்து வைக்க வேண்டும் என்றாய். சரி என்றேன். தைக்கிறவளுக்குத் துணியைப் பார்த்தால் சரி என்றுதான் வாயில் வரும். நீ விமானம் ஏறிய பிறகுதான் ஒவ்வொன்றாக யோசித்தேன். இரண்டு வாரம் தனியாக நடக்கிறாளாம், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர லீவு இல்லையாம், நடக்க மட்டும் லீவு இருக்கிறதாம். புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரியில் உனக்கென்று ஒரு வேலையை வைத்துக்கொண்டு பிப்ரவரிக்குள் பதில் சொல் என்கிறார்கள். அந்தப் பக்கம் நியூசிலாந்துக்காரர்கள் நிரந்தரமாக இங்கேயே இருந்துகொள் என்று பேப்பரே கொடுத்துவிட்டார்கள். வருவாயா, அங்கேயே இருந்துவிடுவாயா என்று நான் எப்போது கேட்டாலும் உனக்கு ஒரே பதில், நடந்துட்டு வந்து சொல்றேம்மா. நடந்துவிட்டு வந்து சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உட்கார்ந்து யோசித்தால் வராத பதில் மலை ஏறினால் வருமா? நீ இருக்கிற ஊருக்கே கிறிஸ்துவின் கோயில் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று நாலு பேரிடம் பெருமையடித்து வைத்திருக்கிறேன், அந்தக் கோயிலில் ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தால் போதாதா?

நம் பக்கத்தில் யாரும் சும்மா நடக்க மாட்டார்கள், அது உனக்கும் தெரியும். காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களைக் கைக்குழந்தையில் இருந்து பார்த்தவள் நீ. ஒருத்திக்குப் பிள்ளை வரம், ஒருத்தனுக்கு விசா, ஒருத்தருக்குக் குடியை விட வேண்டும், இப்படி ஏதாவது ஒன்று இல்லாமல் யாரும் தார் ரோட்டில் கால் வைப்பதில்லை. அதனால்தான் உன் நேர்ச்சை என்ன என்று கேட்டேன். நீ சிரித்தாய். ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான் என்றாய். சரி, நடந்து முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது, கோயிலா, குகை மாதிரி கட்டின மாதா கெபியா என்று கேட்டால், ஒரு பஸ் ஸ்டாப்பு இருக்குதும்மா என்றாய். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச்சேர இரண்டு வாரம் மலையில் நடக்கிற பிள்ளைக்கு உள்ளுக்குள் ஏதோ பெரிய கஷ்டம் இருக்கிறது, நோயோ, யாராவது மனசை உடைத்துவிட்டார்களோ, வெளியில் சொல்லாமல் மறைக்கிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். உன் அப்பாவிடம் சொன்னால், பஸ்ஸுல போனா சீக்கிரம் போயிடலாமே, அதை யாராச்சும் அவகிட்ட சொன்னாங்களா என்று கேட்கிறார். இவரிடம் போய்ச் சொன்னேன் பார்.

சரி, பை விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் ரவிக்கை தைத்த கைக்கு இப்படி ஒரு வேலை வந்ததே இல்லை. முதலில் அளவு. மார்பளவு இடுப்பளவு எல்லாம் அங்குலத்தில் கேட்டிருக்கிறேன், நீ எழுதி வைத்துவிட்டுப் போனது எட்டு லிட்டர், ஐந்து லிட்டர், மூன்று லிட்டர். பாலா எண்ணெயா, துணிப் பைக்கு யாராவது லிட்டரில் அளவு சொல்வார்களா? அந்தக் காகிதத்தை இரண்டு நாள் மிஷின் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். அப்பாதான் எடுத்துப் பார்த்துவிட்டு, கம்பெனியில் பீங்கான் கரைசலை அச்சில் ஊற்றும்போது லிட்டர் கணக்குத்தான், இதையும் ஒரு அச்சு மாதிரி நினைத்துக்கொள் என்றார். அட்டையை உருளையாகச் சுருட்டி அடியை அடைத்து நிறுத்திவிட்டு, கடையில் ஒரு மூட்டை பொரி வாங்கிவந்து லிட்டர் படியால் அளந்து அளந்து கொட்டினார். எட்டுப் படி பொரி எந்த உயரத்துக்கு வருகிறதோ அங்கே கோடு, அந்த உருளையைச் சுற்றித் துணியைப் பிடித்து வெட்டு என்றார். வெட்டினேன். அளவு சரியாகத்தான் வந்திருக்கிறது. அந்தப் பொரியைத்தான் ஒரு வாரமாகச் சாயங்கால டீயோடு தின்றுகொண்டிருந்தோம்.

துணி இருக்கிறதே, அது துணியே இல்லை, வெங்காயத் தோல். கையில் நிற்காது, மிஷினில் நிற்காது, மேல் மடிப்பு கிழக்கே போனால் கீழ் மடிப்பு மேற்கே போகிறது. மடிப்பு படியட்டும் என்று பழக்க தோஷத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன், அப்பளம் எண்ணெயில் விழுந்த மாதிரி சுருண்டு போனது. அந்தத் துண்டு போச்சு. பிறகு துணிக்கு அடியில் பழைய தினத்தாளை வைத்து இரண்டையும் சேர்த்துத் தைத்து, தையல் முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்தேன், அப்போதுதான் வழிக்கு வந்தது. ஒரு பையின் உள்மடிப்பில் ஏதாவது எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது நம் ஊர்ச் செய்தித்தாள்தான், பயப்படாதே. வேலை புரிந்த பிறகு பை ஒன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. பாவாடைக்கு இடுப்பில் நாடா கோர்க்கிற மடிப்பு இருக்கிறது இல்லையா, அதே மடிப்பு, கீழே ஒரு வட்டத் துண்டை வைத்து அடைத்துவிட்டால் அதுதான் உன் பை. கடையில் கிடைப்பது மாதிரி உன் தையல் பிரியாதும்மா என்று நீ சொன்னது நிஜமா, என்னைக் குளிர்விக்கச் சொன்னதா தெரியவில்லை, எப்படியோ, எல்லாத் தையலையும் மடித்து இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன்.

முதல் பையை எவ்வளவு பாசமாகத் தைத்தேன் தெரியுமா? வெங்காயத் தோல் எப்படித் தாங்கும் என்று உள்ளே நல்ல பருத்தி லைனிங் கொடுத்தேன், வாயில் தடித்த பாவாடை நாடா, அடியில் இரட்டைத் துணி, தூக்க ஒரு காது. போனில் காட்டினால் நீ தலையில் கை வைத்துக்கொண்டாய், எத்தனை கிராம்மா அது என்றாய். பைக்கு கிராமா? தங்கம் வாங்கத்தான் நமக்கு கிராம் தெரியும். அப்பா உடனே கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கலர் பொடி நிறுக்கிற சின்ன எடை மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார், நீ சொன்னதைப் போல ஐந்து மடங்கு. எல்லாவற்றையும் பிரித்தேன். லைனிங்கைப் பிரிக்கும்போது எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்று உனக்குத் தெரியாது. வலுவாக இருக்கட்டும் என்று செய்கிறவளிடம் எல்லாவற்றையும் குறை குறை என்று சொல்லுகிற நடை என்ன நடையோ. ஆனால் அப்பாவுக்கு அதிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. நூல் மிச்சத்தை வெட்டிவிட்டு ஒருமுறை, ஓரத்தைக் கத்தரித்துவிட்டு ஒருமுறை என்று ஒவ்வொரு பையாக மத்தியானச் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக் கம்பெனிக்கு எடுத்துப் போவார். கயிற்றை இறுக்குகிற ஸ்பிரிங் குமிழில் ஒன்று எங்கேயோ தெறித்துப் போய்விட்டது என்றேன், அவர் அதற்குப் பதிலாகப் பீங்கானில் இரண்டு ஓட்டை போட்ட ஒரு மணியைச் செய்து, நீல மெருகு கொடுத்து, சூளையில் சுட்டுக் கொண்டுவந்தார். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. நிறுத்துப் பார்த்தால் பையைவிட மணி கனம். முகம் தொங்கிப் போய்விட்டது மனுஷனுக்கு. அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார், உன் பைக்கு வேறு குமிழ் கடைத்தெருவில் தேடி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். துணியை மடிக்காமல் அப்படியே திணிக்க வேண்டுமாமே! உனக்கு மடிக்கக் கற்றுக்கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமா? மடித்தால் மூலையில் இடம் வீணாகும்மா, திணித்தால்தான் இண்டு இடுக்கெல்லாம் நிறையும் என்று நீ பாடம் நடத்துகிறாய். நீ உள்ளே புகுந்து படுக்கிற அந்தத் தூங்குகிற பையைக்கூடச் சுருட்டாமல் காலிலிருந்து பிடித்துத் திணிக்கிறாய், வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு யாரோ கோழியைக் கூடைக்குள் அமுக்குகிற மாதிரி இருந்தது.

பைகள் எல்லாம் முடிந்ததும் நான் செய்ததைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். புதுச் சாமான் எதுவும் பிரயாணத்துக்குப் போகும் முன்னால் மந்திரிக்காமல் நம் வீட்டை விட்டுப் போனதில்லை. உன் பெட்டி, உன் நர்ஸிங் சட்டை, அப்பாவின் வண்டி எல்லாம் மந்திரித்தவைதான். அதேபோல எல்லாப் பைகளையும் தாம்பாளத்தில் அடுக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். நம் பங்குச் சாமியார் இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று ஊதிக்கூடப் பார்த்தார். பிறகு ஜெபம் சொல்லி நிறையத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் போனில் உன்னிடம், பச்சை உடுப்புக்கு, மஞ்சள் சாப்பாட்டுக்கு, சரி, இந்தச் சின்னச் சிவப்புப் பை எதற்கு என்று கேட்டேன். மலையில் குப்பைத் தொட்டி கிடையாது, கக்கூஸ் போனால் துடைத்த காகிதத்தையும் கவரில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதைப் போட்டு வைக்கிற பை என்று நீ சர்வ சாதாரணமாகச் சொல்கிறாய்! சாமியார் தலைக்கு மேலே தூக்கி மந்திரித்த பை பிரபா அது. மந்திரித்த பொருள் உடைந்தாலே குப்பையில் போடக் கூடாது, எரிக்க வேண்டும் இல்லை புதைக்க வேண்டும் என்று தெரிந்தவள் நீ, அதற்குள் போய் அதை வைப்பாயா? வேறு தைக்கலாம் என்றால் துணி தீர்ந்துவிட்டது. சாமியாரிடம் போய், சாமி அந்த ஒன்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியுமா? கடைசியில் அப்பாவின் கம்பி ஒடிந்த குடையில் இருந்து துணியைப் பிரித்து ஒரு கறுப்புப் பை தைத்திருக்கிறேன். அது மந்திரிக்காதது. உன் காரியத்துக்கு அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மாற்றி வைத்தாயோ நான் சும்மா இருக்க மாட்டேன். சிவப்புப் பையில் ஜெபமாலை வைத்துக்கொள், மருந்து வைத்துக்கொள், நல்லதாக எதையாவது வை.

இதற்கு நடுவில்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உனக்கு நேர்ச்சை இல்லை என்றால் இருக்கட்டும், எனக்கு இருக்கிறது. இந்த வருஷ வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நம் பங்குக் கோயிலில் இருந்து நடக்கிறவர்களோடு நானும் நடப்பது, மாதா முன்னால் போய் நின்று, என் பெண்ணை வீட்டுக்குத் திருப்பிக் கொடு என்று கேட்பது. நீ நடந்துவிட்டுத்தானே சொல்வாய், உனக்கு முன்னால் நான் நடந்துவிட்டால் என் சொல் முந்திக்கொள்ளும் அல்லவா? உன்னிடம் போனில், பைகள் தாங்குமா என்று பார்க்கத்தான் எடுத்துப் போகிறேன் என்று சொன்னது பாதி நிஜம். மீதியை இப்போது சொல்கிறேன். உனக்கு எதிராகத்தான் நடந்தேன், உன் பைகளையே தூக்கிக்கொண்டு.

என்னோடு கம்மாபுரம் வாசுகி வந்தாள், என்னிடம் ரவிக்கை தைக்க வருவாளே, அவள்தான். இந்து என்றாலும் வருஷா வருஷம் மாதாவுக்கு நடக்கிறவள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு அவர்கள் நிலம் போகும் என்று பேச்சு இருக்கிறது, அதற்குத்தான் இந்த வருஷ நடை. வழியெல்லாம் அவளுக்கு ஒரே குழப்பம், நிலமே போவக் கூடாதுன்னு கேக்கவா, போனாலும் நல்ல இடமா மாத்திக் குடுக்கணும்னு கேக்கவா அக்கா என்று. ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்காது. ஒரு நடைக்கு ஒரே ஒரு வேண்டுதல். வழியில் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. மாதா முன்னால் போய் நின்றதும் முதலில் என்ன வாயில் வருகிறதோ அதுதான் கணக்கு, அதற்குமேல் இன்னொன்று கேட்டால் பேராசை. அதனால் எல்லோரும் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் நடப்பார்கள். நானும் சேத்தியாத்தோப்பு வரை, மாதாவே என் மகளை வீட்டுக்கு அனுப்பு, மாதாவே என் மகளை வீட்டுக்கு அனுப்பு என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன்.

உன் பைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் என் மூட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள், கலர் கலராகப் பலூன் விற்கப் போகிறீர்களா என்றார்கள். மற்றவர்கள் சேலை எடுக்க மூட்டையை முழுக்கக் கலைத்துக்கொண்டிருந்தபோது நான் பச்சையை இழுத்தேன், சேலை வந்துவிட்டது. படுக்கும்போது அதே பச்சைப் பையில் மாற்றுத் துணியைத் திணித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன், தலையணை. சாப்பாட்டுப் பையை நீ சொன்ன மாதிரி ஆணியில் தொங்கவிட்டேன், சத்திரத்து எலிகள் வாசுகியின் பிஸ்கட்டைத்தான் தின்றன. மூன்றாம் நாள் சீர்காழி தாண்டி ஒரு மழை பிடித்தது பார், வானம் கிழிந்த மாதிரி, ஒதுங்க ஒரு ஓடு இல்லை, வயல் நடுவில் நிற்கிறோம். கூட இழுத்துவந்த மாதா சப்பரத்துக்குப் பிளாஸ்டிக் போர்த்திவிட்டு நாங்கள் எல்லோரும் நனைந்தோம். ராத்தங்கலுக்குப் போய்ப் பிரித்தால் ஒவ்வொருவர் மூட்டையிலும் துணியைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது. என் பைகளைத் திறந்தால் சேலை மொரமொரவென்று காய்ந்து கிடக்கிறது. பிரபா, ஈரம் சொட்டச் சொட்ட நடந்துவந்து ஒரு காய்ந்த துணியைத் தொடுவது என்ன சுகம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாசுகி குளிரில் வெடவெடவென்று நடுங்கினாள். அவளுக்கு என் மாற்றுச் சேலையையும் போர்வையையும் கொடுத்தேன். இதெல்லாம் வூட்ல தச்சதா அக்கா என்று பையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு பையில் மட்டும் உள்ளே வரிசையாகப் பொட்டுப் பொட்டாக ஈரம். யோசித்துப் பார்த்தால் அது நான் குண்டூசி குத்தித் தைத்த பை, குத்தின ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. தையல் ஓட்டையை அடைக்கத் துணியோடு நீ கொடுத்த பசை டியூபை அதன் நாற்றத்துக்குப் பயந்து அப்போது பூசாமல் விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாத் தையலிலும் ஓட்டையிலும் பூசிக் காயவைத்து, குழாயடியில் பிடித்துப் பார்த்துவிட்டேன், இனி ஒழுகாது.

அந்த மழைக்குப் பிறகுதான் எனக்குள் ஏதோ கோளாறு. ஒத்திகை மறந்து போகிறது. மாதாவே என் மகளை என்று ஆரம்பிப்பேன், உடனே உன் மலை ஞாபகம் வந்துவிடும். இங்கே மழை பெய்தால் யாராவது கூப்பிட்டு டீ கொடுக்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் படுக்க இடம் விடுகிறார்கள். கூட அத்தனை பேர் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? வெங்காயத் தோலில் நான் தைத்த பை மட்டும்தான் இருக்கிறது. அந்தக் குண்டூசி ஓட்டை உன் தூங்குகிற பையை வைக்கிற பையில் விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று தரங்கம்பாடி வரை அதே நினைப்பு. நடுநடுவே எதையுமே நினைக்காமலும் நடந்திருக்கிறேன், அதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். கால் அது பாட்டுக்குப் போகிறது, கடல் காற்று அடிக்கிறது, வேண்டுதல், வீடு, ரவிக்கை பாக்கி ஒன்றும் மனசில் இல்லை. நீ சும்மா என்று சொன்னது இதைத்தானா? எனக்குத் தெரியவில்லை. கேட்டால் நீ சிரிப்பாய்.

வேளாங்கண்ணியில் கொடியேற்றக் கூட்டம் உனக்குத் தெரியும், தள்ளுகிற தள்ளலில் நாம் நடக்கவே வேண்டாம். வரிசையில் நிற்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராகத்தான் இருந்தேன். எனக்கு முன்னால் வாசுகி நின்றாள், அவள் நிலத்தைக் கேட்டாளா மாற்று இடத்தைக் கேட்டாளா தெரியாது, அழுதுகொண்டே நகர்ந்துவிட்டாள். என் முறை வந்தது. மாதா முகத்தைப் பார்த்தேன். அம்மா, எம்புள்ள நடக்கிற அன்னிக்கு அங்க மழை பெய்யாம பாத்துக்கம்மா, அவ நனைஞ்சிடக் கூடாது. வாயில் வந்தது இதுதான். சத்தமாகவே வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஐயோ இது இல்லை, வேறு ஒன்று கேட்க வந்தேன் என்று திரும்புவதற்குள் பின்னால் வந்தவர்கள் தள்ளிக்கொண்டு வெளியில் விட்டுவிட்டார்கள். வெளியில் மணலில் உட்கார்ந்துகொண்டு என்னையே நான் திட்டிக்கொண்டேன். அவ்வளவு தூரம் நடந்தது எதற்கு, கேட்டது எதற்கு? அழுகையாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது. வாசுகி, இன்னொரு வாட்டி உள்ள போய்க் கேட்டுட்டு வந்துடுங்கக்கா, யாரு பாக்கப் போறாங்க என்றாள். போகலாம் என்று எழுந்தேன். ஆனால் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், உன்னைத் திரும்ப அழைத்துவர என்னைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம், வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். சாவிக்கொத்தில் இருந்த நீல மணியைத் துடைத்தார். பிறகு, அப்ப அவ நனைய மாட்டா, இல்ல என்று கேட்டார். நனைய மாட்டாள் என்றேன். சரி என்று சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார்.

ஆக விஷயம் இதுதான் கண்ணு. நீ வர வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத்தான் போனேன், கேட்டது வேறாகிவிட்டது, இந்த வருஷத்துக்கு என்னிடம் இருந்த ஒரே வேண்டுதலும் செலவாகிவிட்டது. அதனால் உன் முடிவில் மாதாவும் இல்லை, நானும் இல்லை, அது முழுக்க உன் கையில்தான் இருக்கிறது. எனக்கு நீ இங்கே வர வேண்டும், அதை மறைத்து நல்லவள் வேஷம் போட எனக்குத் தெரியாது. புதுச்சேரியில் இருந்து சனிக்கிழமை பஸ் ஏறி நீ வீட்டு வாசலில் வந்து இறங்குவதை நான் கண்ணால் பார்த்தே முடித்துவிட்டேன். ஆனால் நீ மலையில் நடக்கும்போது, அம்மா அங்கே நேர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்ற பயம் வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை. நீ பாட்டுக்கு நட.

பைகளைச் சோப்புப் போட்டு அலசி நிழலில் காயவைத்திருக்கிறேன். உங்கள் ஊருக்குள் வெளி மண் ஒரு துளி வரக் கூடாது என்றாயே, மடிப்புக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்திருக்கிறேன், விருத்தாசலம் மண்ணும் இல்லை, வேளாங்கண்ணி மணலும் இல்லை. இஸ்திரிப் பெட்டி பக்கமே கொண்டுபோகாதே. குண்டூசி, ஊக்கு எதுவும் குத்தாதே. வீட்டுக்கு வந்ததும் தூங்குகிற பையை வெளியில் எடுத்து உதறிப் போடு, மாசக்கணக்கில் அமுக்கி வைத்தால் பஞ்சு செத்துவிடும். கறுப்பு எது சிவப்பு எது என்று மறந்துவிடாதே. காலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு நட. இருட்டுவதற்கு முன்னால், மலையில் ராத்தங்க இருக்கிறது என்றாயே அந்தக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்துவிடு.

ஆண்டவரும் மாதாவும் நீ ஏறுகிற ஏற்றத்திலும் இறங்குகிற இறக்கத்திலும் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அப்பா உனக்கு நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார், போட்டாகிவிட்டது.

நடந்து முடித்து அந்த பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் உடனே போன் செய். வருகிறாயா இல்லையா என்பதை அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். மழை பெய்ததா என்று அதை முதலில் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
அ. ஆக்னஸ்